உறவு: வீட்டு உரிமையாளர்

பாப்பாரப்பட்டியில் நாங்கள் குடியிருக்கும் வரிசையில் மூன்று வீடுகள். மூன்றும் ஒரே ஆளுக்குச் சொந்தம். மனிதர் நல்லவர்தான். சுவரில் ஆணி அடிக்க மட்டும் விடமாட்டார். சுத்தியல் சத்தம் கேட்டால் எங்கே இருந்தாலும் வந்து நிற்பார். என் தினசரிக் காலண்டர் நான்கு வருஷமாக ஜன்னல் கம்பியில் கயிறு கட்டித் தொங்குகிறது. காற்றடித்தால் அது தெருவுக்குத் தேதி காட்டும், எனக்கு அட்டையைக் காட்டும்.

அவரை நாங்கள் வூட்டுக்காரர் என்போம். எங்கள் பக்கத்துப் பெண்கள் தங்கள் கணவரையும் வூட்டுக்காரர் என்றுதான் சொல்வார்கள். இதில் இதுவரை யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. எந்த வூட்டுக்காரர் என்பது சொல்கிற குரலிலேயே தெரிந்துவிடும். பயந்து சொன்னால் ஆணி விஷயம், அலுத்துக்கொண்டு சொன்னால் கணவர். குரல் தெரியாத ஒன்று நடுவே வந்ததால்தான் இந்தக் கதையே நடந்தது.

பக்கத்து வீட்டு அர்ச்சுனன் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிறவர். பம்புசெட் புகைந்தால் நாலு ஊர்க்காரர்கள் அவரைத்தான் தேடுவார்கள். மனைவி எழிலரசி, எட்டு வயது மகள் காவியா. அர்ச்சுனனுக்கு ஒரே தங்கை, சுகுணா. அவளை வத்தல்மலையில் மேல்காடு என்ற ஊரில் கொடுத்திருக்கிறார்கள். சுகுணாவின் கல்யாணத்துக்கு அர்ச்சுனன் தாலி கட்டின பிறகுதான் போய்ச் சேர்ந்தார், யாருக்கோ மோட்டார் எரிந்துவிட்டது. வளைகாப்புக்குப் பந்தி முடிந்து இலை எடுக்கும்போது போனார், அதுவும் மோட்டார்தான். இப்போது சுகுணாவின் பையன் குருவுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமன் தாமதமாக வருகிற விசேஷம் இல்லை இது.

சுகுணா போனில் சொன்னதை ஸ்பீக்கரில் நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

“அண்ணா, எங்க மாமியாரு இப்பவே சொல்லிட்டாங்க. உங்கண்ணன் வரலைன்னா உங்க பெரியப்பா பையன் மாது இருக்கான், அவன் மடியில வெச்சுக் குத்திடலாம்னு. மாது அண்ணன் வேட்டிகூட எடுத்துட்டாரு. இந்த வாட்டியும் நீ வரலைன்னா எனக்கு அண்ணனே இல்லன்னு நெனச்சுக்கறேன்.”

அர்ச்சுனன் என்னிடம் வந்து காலண்டரைப் பார்க்கச் சொன்னார். தெருப்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன். புதன்கிழமை, பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் பிறக்கிறது, அதற்குள் குத்திவிட வேண்டும். அவர் கடையைப் பூட்டினார், போனை அணைத்தார், புதன்கிழமை விடிந்ததும் பெண்டாட்டி பிள்ளையோடு சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். அதற்குப் பிறகு நடந்ததை அவர் ஒருமாதிரியும் எழிலரசி ஒருமாதிரியும் சொன்னார்கள். இருவர் சொன்னதிலும் கொஞ்சம் கொஞ்சம் குறைத்துத்தான் எழுதுகிறேன்.

மலையேறின பஸ் முன்பெல்லாம் மேல்காட்டுப் பிரிவு வரைக்கும் போகும். அன்றைக்கு ஓர் அலங்கார வளைவின் முன்னால் நின்றுவிட்டது. வளைவில் எழுதியிருந்தது: ‘மலைவாழ் குடும்ப மகிழ்ச்சி மேம்பாட்டு வாரியம். குடும்ப நேய வெளிப்புறச் செயல்பாட்டு மண்டலம். குடும்பக் கோடை வாரத் தொடக்கம்.’ காவியா அதை எழுத்துக்கூட்டி வாசித்து முடிப்பதற்குள் பஸ் திரும்பிக் கீழே இறங்கிவிட்டது.

மேல்காட்டுக்குப் போகிற ஒரே பாதை இந்த மண்டலத்துக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியேறுகிறது. இரண்டு பக்கமும் வேலி. ஊர்க்காரர்களுக்குக் குடியிருப்போர் அட்டை உண்டு, அதனால் சுகுணாவுக்கு இதைச் சொல்லத் தோன்றவில்லை. வெளியூர்க்காரர்கள் சுற்றுலாக் குடும்பமாகத்தான் நுழைய வேண்டும், ஏழு செயல்பாடுகளை முடித்து, மகிழ்ச்சி அட்டையில் ஏழு முத்திரை வாங்கினால்தான் மறுபக்கக் கதவு திறக்கும்.

வாசலில் காவலுக்கு நின்றவன் பச்சியப்பன். மேல்காட்டுக்காரன். சுகுணாவின் கல்யாணத்தில் வாழை மரம் கட்டினவன். காது குத்துக்கு அவனுக்கும் பத்திரிகை வைத்திருந்தார்கள்.

அர்ச்சுனன் முகமெல்லாம் சிரிப்பாகப் போய், “பச்சியப்பா, நான்தான்ப்பா, சுகுணாவோட அண்ணன். சீக்கிரம் உள்ள வுடு” என்றார்.

பச்சியப்பன் விறைப்பாக நின்றான். “தெரியும்ங்க. ஆனா டியூட்டில எனக்குத் தெரியாதுங்க. டீ குடிக்கறப்பதான் தெரியும்.”

“டீ எப்பக் குடிப்பே?”

“பதினொன்னரைக்குங்க.”

மணி ஒன்பதே முக்கால். மூவரும் கவுன்டருக்குப் போனார்கள்.

கவுன்டரில் தேவிப்பிரியா என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். வேலையில் சேர்ந்து எட்டு நாள்தான் ஆகிறது. கையில் ஒரு டேப்லெட். விண்ணப்பதாரர் சொல்கிற சொல்லை அதில் அப்படியே உள்ளிட வேண்டும், ஊழியர் தம் விருப்பப்படி மாற்றக்கூடாது என்று கண்ணாடியில் ஒட்டியிருந்தது. உள்ளிட்ட சொல்லை டேப்லெட் தானாகவே தூய ஆட்சித் தமிழாக்கிக்கொள்ளும்.

“குடும்பத் தலைவியா நீங்க? பேரு?”

“எழிலரசிங்க. இது எம்பொண்ணு காவியா.”

“கூட வந்திருக்கறவர் உங்களுக்கு என்ன உறவு?”

எழிலரசி சீர்த்தட்டை இடுப்பு மாற்றிக்கொண்டே, கொஞ்சம் அலுப்பாக, “எங்க வூட்டுக்காரருங்க” என்றாள்.

தேவிப்பிரியா அப்படியே உள்ளிட்டாள். டேப்லெட் ஒரு நொடி யோசித்தது. பிறகு டிங் என்றது. மூன்று பேருக்கும் கழுத்தில் மாட்ட அட்டை வந்தது. எழிலரசிக்கும் காவியாவுக்கும் பச்சை, அர்ச்சுனனுக்கு மட்டும் மஞ்சள். ஆம்பளைக்கு மஞ்சள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவர் மாட்டிக்கொண்டார்.

முதல் செயல்பாடு, சேர்ந்து நடத்தல். சிமென்ட் பாதையில் காலடி வரைந்திருந்தார்கள். குடும்பத்தினர் கைகோத்து அந்தக் காலடிமேல் ஒரு சுற்று நடக்க வேண்டும். மேற்பார்வையாளர் ஒருவர் விசிலோடு நின்றார். அர்ச்சுனன் மகளின் கையைப் பிடித்ததும் விசில் ஊதினார்.

“மஞ்சள் அட்டை ஆறடி தள்ளி வாங்க.”

“ஏங்க?”

“பச்சைதாங்க கைகோக்கலாம். மஞ்சள் பின்னால வரலாம், அதுக்குத் தடையில்லை.”

சண்டை போட்டு மறுபடியும் தாமதமாக வேண்டாம் என்று அர்ச்சுனன் ஆறடி தள்ளியே நடந்தார். கல்யாணமாகிப் பத்து வருஷமாக அப்படித்தான் நடக்கிறார் என்பது எழிலரசியின் கூற்று. முத்திரை ஒன்று விழுந்தது.

இரண்டாவது, இயற்கையை உற்றுநோக்கல். மலை விளிம்பில் இரும்பு நாற்காலி போட்டிருந்தது. எதிரே பள்ளத்தாக்கு. பள்ளத்தாக்கில் அடிக்கடி மேகம் வந்து மறைத்துவிடுவதால் வருகிற குடும்பங்கள் ஏமாறக்கூடாது என்று, பள்ளத்தாக்குக்கு முன்னால் பள்ளத்தாக்கின் படத்தை முப்பதடி அகலத்துக்கு ஃபிளெக்ஸில் அடித்துக் கட்டியிருந்தார்கள். பத்து நிமிடம் அதை உற்றுநோக்க வேண்டும். காவியா ஃபிளெக்ஸின் ஓரமாகத் தலையை நீட்டி அசல் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டாள். அந்தப் பத்து நிமிடம் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

மூன்றாவது, மண்ணோடு உறவாடல். ஒரு பிளாஸ்டிக் தட்டில் மண். வெளிமாவட்டத்திலிருந்து வரவழைத்துச் சலித்து, காய்ச்சி ஆறவைத்ததாம். கையுறை போட்டுக்கொண்டு தொட வேண்டும். சுற்றிலும் சாமைக் கொல்லைகளில் உழுது போட்ட செம்மண் கிடந்தது. அது வெளியே இருப்பதால் வெளிப்புறச் செயல்பாட்டில் சேராது.

நான்காவது ஊஞ்சல். குழந்தைகள் விழுந்துவிடாமல் இருக்க ஊஞ்சலைக் கீழேயும் சங்கிலி போட்டுத் தரையில் பிணைத்திருந்தார்கள். பக்கத்தில் ‘ஊஞ்சல் ஆடாதீர்’ என்று பலகை. காவியா அதில் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தாள். “அப்பா, இது பெஞ்சுப்பா” என்றாள். முத்திரை போடுகிறவர், குழந்தை குறை கூறியது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்.

மணி பத்தே முக்கால் ஆகிவிட்டது. ஐந்தாவது செயல்பாடு கூட்டுச் சிரிப்பு. ஒரு கூண்டுக்குள் மூவரையும் நிறுத்தினார்கள். எதிரே சத்தத்தை அளக்கும் கருவி. மூன்று நிமிடம் குடும்பமாகச் சிரித்து எழுபது டெசிபல் காட்ட வேண்டும். எழிலரசிக்குச் சிரிப்பு எங்கே வரும்? நாத்தனார் முகம் கண்ணுக்குள் நிற்கிறது. காவியா ‘ஹி ஹி’ என்று இரண்டு முறை முயன்றாள். முப்பத்தைந்து காட்டியது. அர்ச்சுனன் உதவிக்கு வாயைத் திறந்தார்.

“மஞ்சள் சிரிக்கக் கூடாதுங்க” என்றார் கருவிக்காரர்.

அர்ச்சுனனுக்கு அப்போதுதான் பொறுமை போனது. “அப்படி என்னாதான்யா எழுதியிருக்குது இந்த மஞ்சள்ல?”

காவியா அப்பாவின் கழுத்திலிருந்த அட்டையைத் திருப்பி வாசித்தாள். “பெயர், அர்ச்சுனன். உறவு, வீட்டு உரிமையாளர். பச்சை அட்டைதாரர்கள் எழிலரசி, காவியா, இவருடைய குடித்தனக்காரர்கள்.”

எழிலரசிக்கு விஷயம் புரிந்தது. சீர்த்தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், “வூடே இல்லாத வூட்டுக்காரரே!” என்று புருஷனைப் பார்த்துக் கும்பிட்டுச் சிரித்தாள். அதைப் பார்த்துக் காவியாவும் சிரித்தாள். கருவி தொண்ணூற்று நான்கு காட்டியது. கருவிக்காரர் ஓடி வந்து, எண்பத்தைந்துக்கு மேல் போனால் வனவிலங்குகளுக்கு இடையூறு, தயவுசெய்து அளவோடு மகிழுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

முத்திரையை வாங்கிக்கொண்டு கவுன்டருக்கு ஓடினார்கள்.

“ஏம்மா, வூட்டுக்காரருன்னா புருஷன்தானே? உனக்குத் தெரியாதா?” என்று கேட்டாள் எழிலரசி.

தேவிப்பிரியா கண் கலங்கிவிட்டாள். “எனக்குப் புரியுதுங்க அக்கா. எங்க அம்மாகூட அப்பாவை அப்படித்தான் சொல்வாங்க. டேப்லெட்டுக்குத்தான் புரியல. திருத்தம் பண்ணணும்னா தலைமையகத்துக்கு எழுதணும், பதினைஞ்சு வேலை நாள் ஆகும். அதுவரைக்கும் சார் உங்களுக்கு ஓனர்தான்.”

“அப்ப வாடகை ஒப்பந்தம் கேப்பீங்களா?” என்றார் அர்ச்சுனன் நக்கலாக.

“கேக்கணும் சார். நான்தான் கேக்காம விட்டேன்.”

நானும் முப்பத்திரண்டு வருஷம் ஓர் அலுவலகத்தில் படிவம் தட்டச்சு செய்தவன். ‘உறவு’ என்ற கட்டத்தை ஆயிரம் தடவையாவது அடித்திருப்பேன். அந்தக் கட்டம் எப்போதும் ஒரு சொல் நுழைகிற அளவுக்குத்தான் இருக்கும். அடித்தவன் என்ற முறையில் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆறாவது செயல்பாடு, உரை கேட்டல். திறந்த வெளியில் கேட்பதால் அதுவும் வெளிப்புறச் செயல்பாடு. மண்டலத்தின் தனி அலுவலர் ஆரோக்கியராஜ் பதினொன்று பத்துக்கு மேடையேறினார். எதிரே இருநூறு நாற்காலி. அதில் மூன்று பேர். ஒருவர் மஞ்சள்.

“பெருந்திரளாகக் கூடியிருக்கும் குடும்பங்களே!” என்று தொடங்கினார் அவர். “இந்த மலையில் மக்கள் இதற்கு முன் நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. நடந்தார்கள். ஆனால் திட்டமில்லாமல் நடந்தார்கள். குழந்தைகள் மரம் ஏறின, யாருடைய அனுமதியும் பெறாமல். நாங்கள் வருவதற்கு முன் இங்கே மகிழ்ச்சி இருந்ததாகச் சிலர் சொல்கிறார்கள். அதற்கு ஆவணம் உண்டா? இல்லை.”

அர்ச்சுனன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“மூன்று ஆண்டுகள் ஆய்வு செய்தோம். குடும்பங்கள் வெளிப்புறத்தை அனுபவிக்க முடியாமல் இருப்பதற்குக் காரணம், வெளிப்புறம் எல்லையில்லாமல் கிடப்பதுதான் என்று கண்டறிந்தோம். எனவே அதற்கு வேலி போட்டோம். இன்றைக்கு இந்த மண்டலத்தில் வழி தவறின குடும்பம் ஒன்றுகூட இல்லை. தொடங்கின மூன்று மாதத்தில் விபத்து இல்லை. அழுகை இல்லை. கூட்ட நெரிசல் அறவே இல்லை.”

இதற்குப் பணியாளர்கள் கை தட்டினார்கள்.

“என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். என் மனைவியும் மகளும் திருநெல்வேலியில் இருக்கிறார்கள். குடும்பங்கள் ஒன்றாக நேரம் செலவிட வேண்டும் என்ற இந்தத் திட்டத்துக்காக, பதினோரு மாதமாக நான் அவர்களைப் பார்க்கவில்லை. மகளுக்குப் பிறந்தநாள் வாழ்த்து சொல்லப் போன் எடுத்தேன், அப்போது மகிழ்ச்சி ஆய்வுக் கூட்டத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். இதைவிடக் குடும்ப நேயம் வேறென்ன வேண்டும்?”

குரல் லேசாகத் தடுமாறியதாம். எழிலரசிக்கு அந்த இடத்தில் மட்டும் அந்த ஆளைத் திட்ட மனசு வரவில்லை.

உரை முடியும்போது பதினொன்று இருபத்தைந்து. ஆறாவது முத்திரை விழுந்தது. ஏழாவது எங்கே என்று ஓடிப்போய்க் கேட்டார்கள். ஏழாவது, இரு குடும்ப ஒன்றுகூடல். இந்தக் குடும்பம் இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து ஏதாவது ஒரு பண்பாட்டுச் செயலைச் செய்ய வேண்டும்.

“இன்னொரு குடும்பம் எங்கங்க?”

“வரலைங்க” என்றார் முத்திரைக்காரர்.

“எப்ப வரும்?”

“நீங்கதாங்க இந்த மாசத்துக்கு மொதல்.”

அர்ச்சுனன் அப்படியே சிமென்ட் காலடிமேல் உட்கார்ந்துவிட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் அரைக் கிலோமீட்டரில் மேல்காடு. அங்கே கட்டியிருந்த ஒலிபெருக்கியில் பாட்டுச் சத்தம் கேட்டது. நடுநடுவே பாட்டை நிறுத்தி யாரோ, “தாய்மாமன் எங்கிருந்தாலும் பந்தலுக்கு வரவும்” என்று அறிவித்தார்கள். அவருக்கு அழுகை வந்துவிட்டது. கடையைப் பூட்டிவிட்டு, போனை அணைத்துவிட்டு, விடியற்காலையில் கிளம்பியும் இப்படி ஆகிறதே என்று மகளுக்கு எதிரில் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது யாரோ தோளைத் தொட்டார்கள். கையில் டீ டம்ளரோடு பச்சியப்பன். மணி பதினொன்னரை.

“வாங்க மச்சான்! எப்ப வந்தீங்க? அக்கா நல்லாருக்கீங்களா? பாப்பா வளந்துட்டுதே!” என்றான் வாயெல்லாம் பல்லாக.

எழிலரசி அவனை அடிக்காமல் விட்டது அந்த டீ சூடாக இருந்ததால்தான். விஷயத்தைக் கேட்டதும் பச்சியப்பன் ஒரே மூச்சில் டீயைக் குடிக்கப் போனான். பிறகு, குடித்துவிட்டால் டியூட்டி ஆரம்பித்துவிடும் என்று நினைவு வந்து, டம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டு, மறு கையால் சுகுணாவின் மாமியார் தீர்த்தம்மாளுக்குப் போன் போட்டான்.

“பெரியம்மா, பொண்ணு வூட்டுல இருந்து வந்துட்டாங்க. உள்ள மாட்டிக்கிட்டாங்க. இன்னொரு குடும்பம் இருந்தாத்தான் வெளிய வுடுவாங்களாம்.”

தீர்த்தம்மாளின் குரல் போனைத் தாண்டிக் கேட்டது. “குடும்பந்தானே? எத்தினி வேணுமாம்?”

பதினொன்று நாற்பதுக்கு மேல்காட்டுக் கதவின் முன்னால் காது குத்து வீடே வந்து நின்றது. மேளக்காரர், தங்கத் தோட்டை மடித்து வைத்திருந்த ஆசாரி, மொட்டைத் தலையில் சந்தனத்தோடு குரு, அழுது முகம் வீங்கிய சுகுணா, பட்டுக்கரை வேட்டியில் மாது, எல்லோருமாக நாற்பத்தொரு பேர்.

ஆரோக்கியராஜ் ஓடி வந்தார். பன்னிரண்டு மணிக்குள் பத்துக் குடும்பங்கள் மகிழ்ந்திருக்கும் படம் தலைமையகத்துக்குப் போக வேண்டும் என்று காலையிலிருந்து நாலு முறை செய்தி வந்திருந்தது. அவர் கூட்டத்தைப் பார்த்தார். கண் விரிந்தது.

“இது எத்தனை குடும்பம்?”

“ஒரே குடும்பங்க” என்றாள் தீர்த்தம்மாள்.

“ஒரு குடும்பம்னா நாலு பேர்தாம்மா. விதி.”

வரிசையில் நிறுத்தி நாலு நாலாகப் பிரித்தார்கள். மேளக்காரரும் ஆசாரியும் சுகுணாவும் பச்சியப்பனின் பெரியம்மா மகளும் ஒரு குடும்பமானார்கள். குழந்தை குரு நாதஸ்வரக்காரரின் குடும்பத்தில் சேர்ந்தான். சரியாகப் பத்துக் குடும்பம் வந்தது. மீதி ஒருவர். கடைசியில் வேட்டிக்கரை மண்ணில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற மாது.

“ஒன்றுகூடலில் தனி நபருக்கு அனுமதியில்லை” என்று கதவைச் சாத்தினார்கள். மாது வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டான். அர்ச்சுனனுக்குப் போன உயிர் பாதி வந்தது.

ஒரு பாயை விரித்து அர்ச்சுனனை உட்கார வைத்தார்கள். சுகுணா குழந்தையை அவர் மடியில் வைக்கக் குனிந்தாள். ஆரோக்கியராஜ் குறுக்கே வந்தார். அவர் கண் மஞ்சள் அட்டைமேல் இருந்தது.

“மன்னிக்கணும். இவர் வீட்டு உரிமையாளர். உறவினர் அல்லாத ஒருவர் மடியில குழந்தையை உட்கார வைக்க விதியில இடமில்லை.”

மணி பதினொன்று ஐம்பது. மேளம் நின்றது. சுகுணா அண்ணனைப் பார்த்தாள். அர்ச்சுனன் பெண்டாட்டியைப் பார்த்தார். எழிலரசி என்ன சொல்வது என்று வாயைத் திறப்பதற்குள் தீர்த்தம்மாள் முன்னால் வந்தாள். இரண்டு விசேஷத்துக்கும் தாமதமாக வந்த சம்பந்தி வீட்டு ஆளை மன்னிக்காத தீர்த்தம்மாள்.

“அதிகாரி ஐயா, ஒண்ணு கேக்கறேன். வூட்டுக்காரர்னா வூடு அவருதுங்களா?”

“ஆமாம்.”

“அப்ப அவர் மடி?”

“மடியும்... அவருடையதுதான்.”

“அதை யாருக்கும் வாடகைக்கு வுடலியே?”

ஆரோக்கியராஜ் கையேட்டைப் புரட்டினார். மடியைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

“காலியாத்தானுங்களே கெடக்குது. எம்பேரனைக் குடி வெக்கறோம். ஆட்சேபணை இருந்தா அவரு சொல்லட்டும். ஏந்தம்பி, உனக்குச் சம்மதமா?”

“சம்மதம்ங்க அத்தை” என்றார் அர்ச்சுனன்.

பதினொன்று ஐம்பத்து மூன்றுக்குக் குரு தாய்மாமன் மடியில் உட்கார்ந்தான். ஆசாரி ஒரு காதில் குத்தினார், மறு காதில் குத்தினார். குரு வீறிட்டான். மேளம் கொட்டியது, பெண்கள் குலவையிட்டார்கள், வேலிக்கு அப்பால் நின்ற மாதுவும் தன்னை மறந்து கை தட்டினான். அத்தனை சத்தத்துக்கு மத்தியில் சிரிப்புக் கூண்டில் இருந்த கருவி நூற்றியெட்டைத் தொட்டது. வாரியம் தொடங்கின நாளிலிருந்து அவ்வளவு மகிழ்ச்சி பதிவானதில்லை. ஆரோக்கியராஜ் வனவிலங்குகளை மறந்துவிட்டுத் தாமே படம் எடுத்தார். பன்னிரண்டுக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது படம் தலைமையகத்துக்குப் போனது. தேவிப்பிரியா கவுன்டரை விட்டு ஓடி வந்து ஏழாவது முத்திரையை அர்ச்சுனன் அட்டையில் குத்தினாள், கூடவே குருவின் கன்னத்தில் ஒன்று வைத்தாள்.

சுகுணா அண்ணனின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, “வந்துட்டியே அண்ணா” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்குத்தான் அவர் காலையிலிருந்து அத்தனையும் பட்டார்.

எல்லோரும் விருந்துக்குக் கிளம்பினார்கள். தீர்த்தம்மாள் திரும்பிப் பார்த்து, “ஐயா, நீங்களும் வாங்க. ஒரு வாய் சாப்புட்டுப் போவீங்களாம்” என்றாள்.

ஆரோக்கியராஜ் தயங்கித் தயங்கிப் பின்னால் வந்தார். மூன்று மாதமாக மண்டலத்துக்குள்ளேயே குடியிருந்து கேன்டீன் உப்புமாவைத் தின்றவர் அவர். டீ முடிந்து மேல்காட்டுக் கதவுக்கு டியூட்டி மாறியிருந்த பச்சியப்பன் விறைப்பாகக் கையை நீட்டினான்.

“ஐயா, தனி நபரை வெளிய வுடக் கூடாதுங்க. நீங்க போட்ட ஆர்டர்தானுங்க.”

ஆரோக்கியராஜ் அவனைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். கதவுக்கு அந்தப் பக்கம் நின்ற மாதுவைப் பார்த்தார். மாது அவரை ரொம்ப இரக்கமாகப் பார்த்தான்.

“எங்கண்ணன்டா அவரு” என்றாள் தீர்த்தம்மாள். “எம்பையனுக்குத் தாய்மாமன்னு எழுதிக்கோ.”

தேவிப்பிரியா அப்படியே உள்ளிட்டாள், டேப்லெட் டிங் என்றது. அன்றைக்கு விருந்தில் ஆரோக்கியராஜ் இலை நிறையச் சாப்பிட்டாராம். பாயசம் வந்தபோது எழுந்துபோய்த் திருநெல்வேலிக்குப் போன் போட்டு, மகளோடு ஒரு மணி நேரம் பேசினாராம். மகிழ்ச்சி ஆய்வுக் கூட்டத்துக்கு இரண்டு முறை கூப்பிட்டும் எடுக்கவில்லையாம். இதைப் பச்சியப்பன்தான் பார்த்தது. அவன் அப்போது டியூட்டியில் இல்லை.

இருபது நாள் கழித்து அர்ச்சுனன் வீட்டுக்குப் பதிவுத் தபால் வந்தது. தேவிப்பிரியா எழுதிப் போட்ட திருத்தமாக இருக்கும் என்று பிரித்தால், சான்றிதழ். பொன்னிற ஓரம், நடுவே வாரியத்தின் பெரிய முத்திரை. ‘மாவட்டத்தின் முதன்மை மகிழ்ச்சிக் குடும்பம். பாப்பாரப்பட்டி வீட்டு உரிமையாளர் திரு. அர்ச்சுனன் மற்றும் அவரது குடித்தனக்காரர்கள் எழிலரசி, காவியா.’

எழிலரசி அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வரிசையே அதிர சுத்தியல் சத்தம் கேட்டது. நான் வெளியே வருவதற்குள் வீட்டுச் சொந்தக்காரர் வந்துவிட்டார்.

“யாரைக் கேட்டு ஆணி அடிக்கறீங்க?”

“எங்க வூட்டுக்காரரைக் கேட்டுத்தாங்க” என்றாள் எழிலரசி. அந்தக் குரலில் பயமும் இல்லை, அலுப்பும் இல்லை. கட்டிலில் உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்த அர்ச்சுனன் தலையைக் குனிந்துகொண்டார்.

சொந்தக்காரர் சட்டத்தின் அருகே போனார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒருமுறை வாசித்தார். முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். மறுபடி வாசித்தார்.

“கவர்மென்ட்டு சீல் மாதிரியே இருக்குதே” என்று முனகினார். பிறகு அர்ச்சுனனைப் பார்த்து, முதல் தடவையாக, “வரேனுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் என் வீட்டுக்குள் போய் ஜன்னல் கம்பியிலிருந்து காலண்டரை அவிழ்த்தேன். ஒரு ஆணியும் எடுத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, அர்ச்சுனன் தோசை தின்று முடிக்கும்வரை மரியாதையாக நின்றேன்.